147573952589676412927: பகு எண் என்று தெரிந்த பிறகும் 27 ஆண்டுகள் காரணி கிடைக்காத எண்

புதுநிரலன்

வணக்கம். பகா எண்ணா இல்லையா என்று சோதிக்கும் சின்ன நிரல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். மெர்சென் எண்களை, அதாவது 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்து வருபவற்றை, வரிசையாகக் கொடுத்துப் பார்த்தேன். 2⁶⁷ − 1-க்கு வந்ததும் இரண்டு விஷயங்கள் குழப்புகின்றன.

முதலாவது, உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் பெட்டியில் போட்டால் 147573952589676410000 என்று காட்டுகிறது. 2-இன் அடுக்கில் 1 கழித்தால் ஒற்றைப்படையாகத்தானே வர வேண்டும்? கடைசியில் நான்கு பூஜ்யம் எங்கிருந்து வந்தது?

இரண்டாவது, பைத்தானில் எழுதிய என் நிரல் இதைப் பகா எண் என்கிறது. இணையத்தில் எல்லா இடத்திலும் பகு எண் என்று போட்டிருக்கிறது. நிரலில் பிழை தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. யாராவது விளக்க முடியுமா?

இருமன்

முதல் கேள்வி சுலபம். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை 53 இருமத் (பிட்) துல்லியம் கொண்டது. உங்கள் எண்ணோ இரும வடிவில் வரிசையாக 67 ஒன்றுகள். அவ்வளவும் அந்த வகைக்குள் அடங்காது. அருகிலுள்ள, அடங்கக்கூடிய எண் 2⁶⁷. அதனால் 1 கழித்தாலும் கழிக்காவிட்டாலும் உள்ளே இருப்பது 2⁶⁷தான், அதாவது 147573952589676412928. அதை அச்சிடும்போது, மறுபடி படித்தால் அதே மதிப்பு கிடைக்கும் அளவுக்கு மட்டும் இலக்கங்களைக் காட்டிவிட்டு மிச்சத்தைப் பூஜ்யத்தால் நிரப்புகிறது. நீங்கள் பார்த்த நான்கு பூஜ்யம் அதுதான்.

64 இரும முழு எண் வகையும் போதாது, மூன்று இருமம் குறைகிறது. பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லை இல்லாததால் அங்கே சரியாக வரும். கடைசி இலக்கம் 7 என்பதை மனக்கணக்காகவே சொல்லலாம்: 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று சுழலும், 67-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3, ஆக 8-இல் முடியும், ஒன்று போனால் 7.

இரண்டாவது கேள்விக்கு ஒரு தகவல் வேண்டும். நிரலில் எந்தச் சோதனை? எந்த அடிமானம், அதாவது சோதனையில் அடுக்குக்கு உயர்த்தும் எண் எது?

புதுநிரலன்

மில்லர்–ராபின். அடிமானம் 2 மட்டும். வேகமாக இருக்கட்டும் என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

சல்லடை

அதுதான் விஷயம். உங்கள் நிரலில் பிழை இல்லை. இந்த எண்ணிடம் 2-ஐ வைத்துக் கேட்டால் அது பொய்தான் சொல்லும். ஏன் என்று பார்த்தால் மிக அழகாக இருக்கும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எழுத வசதியாக இந்த எண்ணை 'ம' என்று வைத்துக்கொள்வோம். ம = 2⁶⁷ − 1 என்பதால் 2⁶⁷-ஐ ம-ஆல் வகுத்தால் மீதி 1. அடுக்கு 67-இன் மடங்காக எதுவாக இருந்தாலும் மீதி 1தான்.

ஃபெர்மா சோதனை கேட்பது இது: 2-ஐ (ம − 1) என்ற அடுக்குக்கு உயர்த்தி ம-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா? ம − 1 = 2⁶⁷ − 2. 67 பகா எண். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2⁶⁷ − 2 எப்போதும் 67-ஆல் வகுபடும். ஆக அடுக்கு 67-இன் மடங்கு, மீதி 1. சோதனையில் தேறிவிட்டது! ம பகா எண்ணா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மில்லர்–ராபின் இன்னும் கண்டிப்பானதுதான், இங்கே அதுவும் உதவாது. ம − 1-ஐ 2-ஆல் ஒரு முறைதான் வகுக்க முடியும், கிடைப்பது 2⁶⁶ − 1. அதுவும் 67-இன் மடங்கு. அங்கேயே மீதி 1 வந்துவிடுவதால் சோதனை திருப்தியாகி "பகா எண்ணாக இருக்கலாம்" என்று அனுப்பிவிடுகிறது.

இதே வாதம் 2^ப − 1 வடிவில் உள்ள, ப ஒற்றைப்படைப் பகா எண்ணான எல்லாவற்றுக்கும் பொருந்தும். மிகச் சிறிய பலி 2047. அது 2¹¹ − 1, 23 × 89. அடிமானம் 2-இல் மில்லர்–ராபினை ஏமாற்றும் மிகச் சிறிய பகு எண்ணும் அதுதான். அது தற்செயல் இல்லை.

மெர்சென் எண்களைச் சோதிக்கிறவர் 2-ஐ அடிமானமாக வைப்பது, சாட்சி சொல்ல எதிரியின் சொந்தக்காரனையே கூண்டில் ஏற்றுவது மாதிரி. அடிமானத்தை 3 ஆக்கிப் பாருங்கள், உடனே பிடிபடும்.

புதுநிரலன்

3 போட்டதும் பகு எண் என்று வந்துவிட்டது, நன்றி! அப்படியென்றால் 2-ஐத் தவிர வேறு எந்தெந்த அடிமானங்கள் ஏமாற்றும்? 4, 8 எல்லாம் ஏமாற்றும் என்று நினைக்கிறேன்.

மீதியான்

ஆம், 1, 2, 4, 8 என்று 2⁶⁶ வரை மொத்தம் 67 அடுக்குகளும் ஏமாற்றும். ஃபெர்மா சோதனையில் அடுக்கு ம − 1 இரட்டைப்படை என்பதால் அவற்றின் எதிர்மறைகளும் சேரும், ஆக 134. இவை கண்ணுக்குத் தெரிந்த பொய்யர்கள். மொத்தம் எத்தனை பேர் என்பதையும் துல்லியமாகச் சொல்லலாம், அதற்குக் காரணிகள் தெரிந்திருக்க வேண்டும்:

147573952589676412927 = 193707721 × 761838257287

இரண்டுமே பகா எண்கள். இரண்டிலிருந்தும் ஒன்றைக் கழித்துவிட்டு மீப்பெரு பொதுக் காரணி எடுங்கள். 193707720-ஐப் பிரித்தால் 2³ × 3³ × 5 × 67 × 2677. மற்றதில், அதாவது 761838257286-இல், இவற்றோடு பொதுவாக இருப்பது 2 × 3² × 67 = 1206. ஃபெர்மா சோதனையை ஏமாற்றும் அடிமானங்களின் எண்ணிக்கை இதன் வர்க்கம்: 1206 × 1206 = 14,54,436.

பதினான்கரை லட்சம் என்றதும் பயப்பட வேண்டாம். மொத்த அடிமானங்கள் 21 இலக்க எண்ணிக்கையில் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அது பொய்யராக அமைய நூறு லட்சம் கோடியில் ஒரு வாய்ப்புதான். அந்தப் பதினான்கரை லட்சத்தில் ஒருவர் முதல் பகா எண்ணான 2-ஆக இருப்பதுதான் வேடிக்கை.

ஒற்றைவரி

எல்லாம் சரி. ஆனால் என் கணினி இந்த எண்ணை ஒரு நொடிக்குள் பிரித்துவிட்டது. 21 இலக்கத்துக்கு இவ்வளவு ஆராதனை தேவையா?

பழங்கணக்கு

இன்றைக்கு ஒரு நொடி, சரி. இந்த எண்ணின் வரலாற்றைப் பார்த்தால் அந்த நொடியின் மதிப்பு தெரியும்.

1644-இல் மரேன் மெர்சென் ஒரு பட்டியல் வெளியிட்டார். 2^ப − 1 பகா எண்ணாக வருவது, 257 வரை, ப = 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்கு மட்டுமே என்றார். அந்தக் காலத்தில் 31-க்கே ஆதாரம் கிடையாது. 1772-இல் ஆய்லர்தான் 2³¹ − 1 = 2147483647 பகா எண் என்று காட்டினார். அப்புறம் நூறு ஆண்டுகளுக்கு மேல் பட்டியலில் 67 அப்படியே நின்றது.

1876-இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்காஸ் வந்தார். 2⁶⁷ − 1 பகு எண் என்று நிறுவினார். எந்தக் காரணியையும் காட்டாமலே! இதுதான் பலருக்கு ஜீரணமாகாத இடம். "பிரியும் என்று எனக்குத் தெரியும், எதுவாகப் பிரியும் என்று தெரியாது" என்ற நிலை. அந்த நிலை 27 ஆண்டுகள் நீடித்தது.

1903 அக்டோபர் 31-இல், அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் பேச எழுந்தார். தலைப்பு, பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி. ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகைக்குப் போய் 2⁶⁷-ஐக் கையால் பெருக்கி, ஒன்றைக் கழித்தார். பலகையின் காலிப் பக்கத்துக்கு நகர்ந்து 193707721-ஐயும் 761838257287-ஐயும் நீளப் பெருக்கலாகப் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றாக வந்தன. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பினார். அரங்கம் கைதட்டியது, ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. எவ்வளவு காலம் பிடித்தது என்று பின்னாளில் கேட்டபோது "மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள்" என்றாராம்.

அமெரிக்கக் கணிதச் சங்கம் இன்றும் இயற்கணிதத்துக்கும் எண்கோட்பாட்டுக்கும் கோல் பெயரில் பரிசு கொடுக்கிறது.

ஐயன்

கதை நன்றாக இருக்கிறது, ரொம்பவே நன்றாக இருப்பதுதான் உறுத்துகிறது. அந்த மௌனக் காட்சியைச் சொன்னவர் எரிக் டெம்பிள் பெல். அவர் கதை சொல்வதில் கில்லாடி, எழுதியதும் பல பத்தாண்டுகள் கழித்து. கோல் அன்று உண்மையிலேயே வாயே திறக்கவில்லை என்பதற்கு அதைவிடக் கெட்டியான சாட்சி இருக்கிறதா?

இன்னொன்று: மெர்சென் 61 என்று எழுதியதைத்தான் அச்சுக் கோர்த்தவர் 67 என்று மாற்றிவிட்டார் என்றும் படித்திருக்கிறேன். 2⁶¹ − 1 பகா எண்தானே? அப்படியானால் 67-க்கு இவ்வளவு புகழே ஒரு அச்சுப்பிழையால் வந்ததா?

பழங்கணக்கு

பெல் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். மௌனம் எவ்வளவு முழுமையானது என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெல் கொலம்பியாவில் கோலிடம் படித்தவர், ஞாயிற்றுக்கிழமை பதிலைத் தானே கேட்டு வாங்கியதாகச் சொல்கிறார். கூட்டமும் தேதியும் காரணிகளும் பதிவில் இருப்பவை. கோலின் கட்டுரையும் சங்கத்தின் இதழில் அச்சில் வந்தது, அதில் முறையும் விளக்கப்பட்டிருக்கிறது. வெறும் பெருக்கலோடு போய்விடவில்லை.

61 பற்றி: 2⁶¹ − 1 பகா எண் என்று 1883-இல் ரஷ்யப் பாதிரியார் இவான் பெர்வூஷின் காட்டினார். அதன் பிறகுதான் இந்த அச்சுப்பிழைக் கருத்துக்கு வலு வந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பட்டியலில் 89-உம் 107-உம்கூட விடுபட்டிருக்கின்றன. அவை பகா எண் தருபவை என்று 1911-லும் 1914-லும் ஆர். ஈ. பவர்ஸ் நிறுவினார். கடைசியில் இருக்கும் 257-உம் தவறு, அது பகு எண். ஐந்து தவறில் இரண்டை அச்சுக் கோர்த்தவர் தலையில் கட்டிவிடலாம், மீதி மூன்றை யார் தலையில் கட்டுவது? மெர்சென் நிறைய ஊகித்தார், பாதிக்கு மேல் சரியாக ஊகித்தார், அவ்வளவுதான்.

புதுநிரலன்

லூக்காஸ் காரணி இல்லாமல் எப்படிச் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 3-ஐ வைத்து நாம் செய்த மாதிரியா?

சல்லடை

கருத்து அதேதான். பகா எண்ணாக இருந்தால் கட்டாயம் நடக்க வேண்டிய ஒன்று நடக்கவில்லை என்று காட்டினால் போதும், காரணி வேண்டாம். லூக்காஸ் பயன்படுத்தியது வேறு தொடர். அதை 1930-இல் டெரிக் ஹென்றி லேமர் இன்றைய எளிய வடிவுக்குக் கொண்டுவந்தார். இப்படி:

4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். 2^ப − 1 என்றால் இதை ப − 2 முறை செய்யுங்கள். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். ப ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்கும் வரை இது இரண்டு பக்கமும் உறுதியான தீர்ப்பு, "இருக்கலாம்" என்ற பேச்சே இல்லை.

31-க்குச் செய்து பார்ப்போம். ப = 5, மூன்று முறை. 4 → 14 → 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8 → 62, மீதி 0. பகா எண்.

2047-க்கு ப = 11, ஒன்பது முறை. 4 → 14 → 194 → 788 → 701 → 119 → 1877 → 240 → 282 → 1736. பூஜ்யம் வரவில்லை. பகு எண். இந்த வரிசையில் 23-உம் தெரியவில்லை, 89-உம் தெரியவில்லை பாருங்கள். இருக்கின்றன என்பது மட்டும் தெரிகிறது.

2⁶⁷ − 1-க்கு 65 முறை. ஒவ்வொரு முறையும் 21 இலக்க எண்ணை வர்க்கப்படுத்தி, 40-க்கு மேற்பட்ட இலக்கம் வருவதை வகுத்து மீதி எடுக்க வேண்டும். தாளும் பேனாவும் வைத்து. ஒரு இலக்கம் பிசகினாலும் கடைசியில் பூஜ்யம் வராது, அதைப் பார்த்து "பகு எண்" என்று தவறாக முடிவு கட்டிவிடலாம். அதனால் காரணி கிடைக்காதவரை கொஞ்சம் சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கும். கோலின் பெருக்கலுக்குக் கிடைத்த கைதட்டலில் அந்த நிம்மதியும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இருமன்

@ஒற்றைவரி, உங்கள் ஒரு நொடியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

2⁶⁷ − 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 134-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருந்தாக வேண்டும். அதோடு 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். 193707721 = 134 × 1445580 + 1. எண்ணிப் பாருங்கள், கழிவுகள் போக இந்தக் காரணியை எட்டும் வரை சோதிக்க வேண்டியவை சுமார் 7 லட்சத்து 22 ஆயிரம். கணினிக்கு அது ஒன்றுமே இல்லை.

கோலுக்கு? மூன்று ஆண்டின் ஞாயிற்றுக்கிழமைகள் சுமார் 156. ஒரு ஞாயிறுக்கு 4,600-க்கு மேல் நீள வகுத்தல். நாள் முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்தாலும் ஆகாது. பகா எண்களை மட்டும் சோதிப்பது என்றாலும் சுமார் 80 ஆயிரம் வரும், ஒரு நாளைக்கு ஐந்நூறுக்கு மேல். இதைவிட மோசம், காரணி எங்கே இருக்கிறது என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது. 1,214 கோடி வரை எங்கும் இருக்கலாம். ஆகவே வெறுமனே வகுத்துக்கொண்டே போயிருக்க முடியாது. வர்க்க மீதிகளைக் கொண்டு, அதாவது வர்க்க எண்களை வகுத்தால் வரக்கூடிய மீதிகளைக் கொண்டு, எந்த எண்கள் காரணியாகவே முடியாது என்று கூட்டம் கூட்டமாகக் கழித்துக்கொண்டு போனார்.

67 ஏன் இப்படிப் பிடிகொடுக்கவில்லை என்பதற்கு இன்னொரு பார்வை. அடுக்கு 100-க்குள் இருக்கும் பகு மெர்சென் எண்களின் மிகச் சிறிய காரணியைப் பாருங்கள்:

11 → 23
23 → 47
29 → 233
37 → 223
41 → 13367
43 → 431
47 → 2351
53 → 6361
59 → 179951
67 → 193707721
71 → 228479
73 → 439
79 → 2687
83 → 167
97 → 11447

மற்றவை எல்லாம் ஆறு இலக்கத்துக்குள் அடங்கிவிட்டன. 67 மட்டும் ஒன்பது இலக்கம், அடுத்துள்ளதைப் போல் 800 மடங்குக்கு மேல் பெரியது. இதற்கு ஆழமான காரணம் எதுவும் இல்லை. மெர்சென் இந்த எண்ணைப் பட்டியலில் போட்டது ஊகம் என்றால், பிடிபடாமல் இருக்க மிக வசதியான எண்ணாகப் பார்த்துப் போட்டுவிட்டார்!

ஒற்றைவரி

சரி, ஒப்புக்கொள்கிறேன். 800 மடங்கு நல்ல தகவல். 134-உம் 8-உம் எங்கிருந்து வந்தன?

இருமன்

காரணி 'க' என்று வையுங்கள். 2⁶⁷-ஐ க-ஆல் வகுத்தால் மீதி 1. 67 பகா எண் என்பதால் இதைவிடச் சிறிய அடுக்கில் மீதி 1 வராது. ஃபெர்மாவின் தேற்றப்படி க − 1 என்ற அடுக்கிலும் மீதி 1 வரும், ஆகவே க − 1 என்பது 67-இன் மடங்கு. க ஒற்றைப்படை, க − 1 இரட்டைப்படை, எனவே 134-இன் மடங்கு.

8-க்கு: மீதிக் கணக்கில் 2⁶⁸ என்பதும் 2 என்பதும் ஒன்றே. 2⁶⁸ என்பது 2³⁴-இன் வர்க்கம். ஆக க-வைப் பொறுத்து 2 ஒரு வர்க்க மீதி. அது நடக்க க-வை 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 வர வேண்டும். 193707721-இல் கடைசி மூன்று இலக்கம் 721, மீதி 1. மற்றதில் 287, மீதி 7. இரண்டும் ஆளுக்கொரு வகை.

வெண்தாள்

பள்ளிக்கூட அளவில் ஒரு பங்களிப்பு. கோலின் பெருக்கலை முழுசாகச் செய்யாமல் சரிபார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு:

9-ஆல்: 193707721-இன் இலக்கக் கூட்டல் 37, மீதி 1. 761838257287-க்கு 64, மீதி 1. பெருக்கினால் 1. பெரிய எண்ணுக்கு 109, மீதி 1. பொருந்துகிறது.

11-ஆல்: முதல் எண்ணுக்கு மீதி 9, இரண்டாவதற்கு 8. 72, மீதி 6. இந்தப் பக்கம் 2¹⁰-க்கு மீதி 1 என்பதால் 2⁶⁷-உம் 2⁷-உம் ஒன்று, அதாவது 128, மீதி 7, ஒன்று போனால் 6. பொருந்துகிறது.

இது நிரூபணம் ஆகாது என்று தெரியும். ஆனால் இலக்கம் எதையாவது தவறாகத் தட்டியிருந்தால் இங்கேயே மாட்டும்.

மீதியான்

இந்த எண்ணில் எனக்குப் பிடித்த பண்பை இதுவரை யாரும் தொடவில்லை. 1 ÷ 193707721-ஐ இரும முறையில் விரித்தால் 67 இடங்களுக்கு ஒரு முறை அதே கோர்வை திரும்பத் திரும்ப வரும். அந்தக் கோர்வை வேறு எதுவும் இல்லை, மற்றக் காரணி 761838257287தான்! முன்னால் 27 பூஜ்யம், அப்புறம் அந்த எண்ணின் 40 இருமங்கள், மறுபடி 27 பூஜ்யம், மறுபடி அதே 40.

மறுபுறமும் அப்படியே. 1 ÷ 761838257287-ஐ விரித்தால் 39 பூஜ்யம், பிறகு 193707721-இன் 28 இருமங்கள்.

காரணம் ஒரே வரி: 1 ÷ முதல் காரணி = மற்றக் காரணி ÷ (2⁶⁷ − 1). பதின்ம முறையில் 99-ஆல் வகுத்தால் இரண்டிரண்டு இலக்கமாகத் திரும்ப வரும் அல்லவா, இரும முறையில் அறுபத்தேழு ஒன்றுகளும் அதே வேலையைச் செய்கின்றன. கோல் தேடிய விடை ஒரு வகுத்தலின் விரிவில் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. என்ன, எதால் வகுக்க வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும்!

ஐயன்

நிறைவெண் பக்கம் யாரும் போகவில்லையே? மெர்சென் எண் பகா எண் என்றால் அதிலிருந்து நிறைவெண், அதாவது தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண், கிடைக்கும். மெர்சென் சொன்னதை நம்பியவர்கள் 2⁶⁶ × (2⁶⁷ − 1) நிறைவெண் என்றும் நம்பியிருப்பார்கள் அல்லவா? அது எவ்வளவு தூரத்தில் தவறுகிறது?

சல்லடை

நல்ல கேள்வி, போட்டுப் பார்த்தேன்.

ம-வின் எல்லா வகுத்திகளையும் கூட்டினால் 1 + இரண்டு காரணிகள் + ம. அதாவது 2⁶⁷-ஐவிடக் காரணிகளின் கூட்டுத்தொகை அளவுக்கு அதிகம். அந்தக் கூட்டுத்தொகை 762031965008. ம பகா எண்ணாக இருந்திருந்தால் இந்த உபரி இருக்காது, துல்லியமாக 2⁶⁷ வந்து நிறைவெண் அமைந்திருக்கும்.

ஆக 2⁶⁶ × ம ஒரு மிகை எண். ஆனால் விகிதத்தில் பார்த்தால் மயிரிழைதான். வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணைப் போல் 2 மடங்கு இருக்க வேண்டிய இடத்தில், 2-ஐத் தாண்டி நூறு கோடியில் சுமார் பத்துப் பங்குதான் அதிகம் வருகிறது. 1903-க்கு முன்பு வரை இந்த உபரி எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது, பூஜ்யம் இல்லை என்று மட்டும் லூக்காஸ் புண்ணியத்தில் தெரியும்.

புதுநிரலன்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கடைசியாக நடைமுறைக் கேள்வி: நிரலில் 2-ஐ எடுத்துவிட்டு 3 மட்டும் வைத்தால் போதுமா?

இருமன்

போதாது. 3 இந்த எண்ணைப் பிடித்தது, வேறு எண்ணிடம் அது ஏமாறும். 121-ஐ 3-ஐ வைத்துச் சோதித்துப் பாருங்கள், பகா எண் என்று சொல்லிவிடும், அது 11-இன் வர்க்கம்.

பொதுவான எண்களுக்கு என்றால் 2 முதல் 37 வரையிலான 12 பகா எண்களையும் அடிமானமாக வைத்து மில்லர்–ராபின் ஓட்டுங்கள். சுமார் 3.18 × 10²³ வரை இந்தப் பன்னிரண்டையும் ஒருசேர ஏமாற்றும் பகு எண் கிடையாது என்று நிறுவியிருக்கிறார்கள். உங்கள் எண் 1.48 × 10²⁰ என்பதால் அந்த எல்லைக்குள் வசதியாக அடங்கும்.

மெர்சென் எண்கள் மட்டும் என்றால் அதெல்லாம் வேண்டாம், சல்லடை சொன்ன லூக்காஸ்–லேமர் தொடரை எழுதிவிடுங்கள், பத்து வரிக்குள் முடியும். 2024 அக்டோபரில் அறிவித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, அதாவது 4,10,24,320 இலக்கம் கொண்ட பகா எண், அதையும் கடைசியில் உறுதிசெய்தது இதே சோதனைதான். 67-க்கு ஓட்டும்போது 65-ஆவது சுற்றில் வரும் மீதியை இங்கே போடுங்கள், நானும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பூஜ்யம் வந்தால் எங்கோ இலக்கம் தொலைந்திருக்கிறது என்று அர்த்தம், முதலில் எண் வகையைப் பாருங்கள்.